ரொட்டிக்காரி ரயில் ஏறினாளா?

ரொட்டிக்காரி கூடையைக் கீழே வைக்கிறாள். ரயில் வந்து நிற்கிறது. பெட்டியின் கதவு திறக்கிறது. தலையில் கட்டிய துணியை ஒரு கையால் சரிசெய்துகொண்டே அவள் அந்தக் கதவைப் பார்க்கிறாள். அந்த இடத்தில்தான் நாங்கள் இருவரும் எழுந்து, குனிந்தபடியே, வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களில் இடித்துக்கொண்டு வெளியே வந்தோம்.

அதற்குப் பிறகு அவள் ரயிலில் ஏறினாளா, இல்லை கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாளா என்பது எங்களுக்குத் தெரியாது. தெரியாமலேயே ஆயுளில் பாதிக்கு மேல் சண்டை போட்டோம். சண்டை போட்டவர்களில் ஒருத்தி போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். மிச்சமிருப்பவள் நான்.

அப்போது நாங்கள் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் ஒரே அறையில் இருந்தோம். அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவள். விடுதியில் அவளுக்கு எதிர்க்கட்சி என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் மறுப்பாள். இன்று வெயில் அதிகம் என்றால், நேற்றுதான் அதிகம் என்பாள். ஆமாம், நேற்றுதான் அதிகம் என்று ஒப்புக்கொண்டால், இன்றைக்கு என்ன குறைச்சலாம் என்று கேட்பாள். எனக்கு அவள் வைத்த பெயர் காற்புள்ளி. தொழிலுக்காக மட்டுமல்ல, பதில் சொல்வதற்கு முன் நான் கொஞ்சம் நிற்பேனாம்.

ஊரில் ஒரு திரைப்படக் கழகம் இருந்தது. சனிக்கிழமை மாலைகளில் கல்லூரியின் வேதியியல் வகுப்புக் கூடத்தில் உலகப் படங்கள் காட்டுவார்கள். படிக்கட்டு மாதிரி ஏறிப்போகும் மர பெஞ்சுகள். முன்னால் அமிலம் பட்டுக் கருகிய நீள மேசை. அதன்மேல் புரொஜெக்டர். எந்த நாட்டுப் படம் பார்த்தாலும் அந்த நாட்டில் லேசாகக் கந்தக நெடி அடிக்கும்.

விடுதிக் கதவை எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். வார்டனம்மா பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் நிற்பார். ஒரு நிமிடம் தாமதித்தாலும் மறுநாள் காலை அலுவலக அறையில் நின்று காரணம் சொல்ல வேண்டும். உலக சினிமா என்பதை அவர் காரணமாக ஏற்கமாட்டார். கழகத்தின் செயலாளர் ஒரு வங்கி அதிகாரி. நல்ல மனிதர், ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று அதன் சிறப்புகளை எடுத்துச் சொல்லாமல் விளக்கை அணைக்கமாட்டார். அவர் கொஞ்சம் சுருக்கமாகப் பேசியிருந்தால் பல மகத்தான படங்களின் முடிவு எங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியவில்லை. படம் உச்சத்தைத் தொடும்போது எதிர்க்கட்சி என் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்ப்பாள். எழுந்துவிடுவோம்.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டானது. பேருந்து நிறுத்தம் வரைக்கும் யாரும் பேசக் கூடாது. பேருந்தில் உட்கார்ந்ததும் ஒருத்தி முடிவைச் சொல்வாள். மற்றவள் அதை மறுக்க வேண்டும். விடுதி வாசலுக்கு வருவதற்குள் ஏதாவது ஒரு முடிவுக்கு இரண்டு பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுதான் அந்தப் படத்தின் முடிவு, அப்புறம் மாற்றக் கூடாது.

கலங்கரை விளக்கத்தில் தனியாக வேலை பார்க்கும் ஒரு கிழவனைப் பற்றிய படம் ஒன்று. புயல் வருகிறது, கிழவன் படகில் இறங்குகிறான், நாங்கள் கிளம்பிவிட்டோம்.

"கிழவன் செத்துட்டான்," என்றேன் பேருந்தில்.

"ஏன் சாகணும்? நீச்சல் தெரியாதவன் கடல் நடுவுல வேலைக்குப் போவானா?"

"அலை எவ்வளவு பெருசுன்னு பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன். அவன் தொப்பையையும் பார்த்தேன். மிதப்பான்."

கிழவன் பிழைத்துக்கொண்டான். பல வருடங்கள் கழித்து அந்தப் படத்தை முழுதாகப் பார்த்த ஒருவர் என் அச்சகத்துக்கு வந்தார். கிழவன் மூழ்குவதுதான் கடைசிக் காட்சி என்று உருகி உருகிச் சொன்னார். அதை நான் வீட்டில் வந்து சொன்னபோது எதிர்க்கட்சி அவருக்காக வருத்தப்பட்டாள். "பாவம், தப்பான பிரிண்ட் பார்த்திருக்காரு."

ரொட்டிக்காரியின் படம் மட்டும் தீர்க்கப்படாமலே போனது. அன்றைக்குப் பேருந்தில் நெரிசல். எதிர்க்கட்சி முன்னால் மாட்டிக்கொண்டாள், நான் பின்னால். இடையில் இருந்தவர்களின் தலைக்கு மேலாக அவள் கத்தினாள்: "ஏறிட்டா!" எனக்குச் சரியாகக் காதில் விழாததால் கையை அசைத்தேன். மறுக்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். விடுதி வாசல் வந்துவிட்டது.

கறுப்பு வெள்ளைப் படம். எங்கோ ஒரு பனி ஊர். எங்கு பார்த்தாலும் வெள்ளை. எங்களுக்கு அந்த மொழி தெரியாது. கீழே ஓடும் எழுத்துகளும் வெள்ளை. பனியின் மேல் அவை விழுந்ததும் கரைந்துவிடும். யாராவது கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு குறுக்கே போனால் அந்தக் கோட்டில் இரண்டு வார்த்தை தெரியும். மீதியை நாங்களே புரிந்துகொள்ள வேண்டியதுதான். புரிந்துகொண்டோம். ரொட்டிக்காரி விடிவதற்கு முன்னால் எழுந்து மாவு பிசைகிறாள். பெரிய மீசை வைத்த ஒருவன் நாளெல்லாம் அவளைப் பார்த்துக் கத்துகிறான். ஒரு நாள் சுட்ட ரொட்டிகளை எல்லாம் தரையில் தள்ளுகிறான். அவள் வாய்க்குள் எதையோ புலம்பிக்கொண்டே பொறுக்கிக் கூடையில் வைத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடக்கிறாள். புருஷன்காரன் கொடுமை தாங்காமல் போகிறாள். இதைப் புரிந்துகொள்ள எழுத்து எதற்கு?

அடுத்த வருடம் எதிர்க்கட்சிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நல்ல வேலையில் இருந்தார். அவர் அடிக்கவில்லை, குடிக்கவில்லை. அதனால் அவரைப் பற்றிக் குறை சொல்ல அவளுக்கு ஆரம்பத்தில் வாயே வரவில்லை. எக்ஸ்ரே வேலையை விடச் சொன்னார், விட்டாள். கோபம் வந்தால் பேசமாட்டார். வாரக்கணக்கில் பேசமாட்டார். குழந்தை பிறந்த பிறகு அதனிடம் பேசுவார். "உங்கம்மாவுக்கு அறிவு இல்லைன்னு சொல்லு. உங்கம்மா வெளியே போனா எனக்குப் பிடிக்காதுன்னு சொல்லு." குழந்தைக்கு அப்போது குப்புறவிழத்தான் தெரியும். பிறகு வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார்.

ஒரு நாள் பூட்ட மறந்துவிட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பால் புட்டியும் இரண்டு துணியுமாக அவள் என்னிடம் வந்து நின்றாள். நான் விடுதியைவிட்டு ஒரு சின்ன வீட்டுக்கு மாறியிருந்தேன். கதவைத் திறந்தேன். எனக்குச் சட்டென்று பேச வரவில்லை.

"என்ன காற்புள்ளி, பார்த்துக்கிட்டே நிக்கிறே? ரொட்டிக்காரி ஏறிட்டா," என்றாள்.

சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் சிரிப்பு அன்றோடு தீர்ந்துவிட்டது. மறுவாரமே அவளுடைய அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, குழந்தையின் எதிர்காலம் என்ற வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணி என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டு, "நீங்க கல்யாணம் ஆகாதவங்க, உங்களுக்கு இதெல்லாம் புரியாது. புத்தி சொல்லி அனுப்பிவைங்க," என்றார். அந்த மனிதர் வரவில்லை. ஆனால் செய்தி அனுப்பினார். மன்னித்துவிட்டாராம்.

எதிர்க்கட்சி உள்ளுக்குள் ஆடிப்போயிருந்தாள். நாளெல்லாம் தைரியமாக இருப்பாள். விளக்கு வைக்கும் நேரமானால் குழந்தையின் துணிகளை மடிக்க ஆரம்பிப்பாள். மடித்துப் பையில் வைப்பாள், எடுப்பாள், மறுபடி வைப்பாள். "ஒருவேளை அவர் மாறியிருந்தா?" என்பாள். அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் போகாதே என்று சொல்ல நாக்கு நுனிவரை வரும். ஆனால் எனக்கு அவளைத் தெரியும். போகாதே என்று நான் சொன்னால், ஏன் போகக் கூடாது என்று ஆரம்பிப்பாள். ஆரம்பித்து, தானே பேசிப் பேசி, தன்னையே நம்பவைத்துக்கொண்டு போய்விடுவாள்.

ஒரு மாலை அவள் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தபோது நான் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன்:

"எனக்கென்னமோ அந்த ரொட்டிக்காரி திரும்பித்தான் போயிருப்பான்னு தோணுது."

கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "என்ன சொன்னே?"

"கூடையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பா. வேற எங்க போவா?"

"ஏன், உலகத்துல ஊரே இல்லையா? ரயில் சும்மாவா வந்து நின்னது? கதவைத் திறந்து காட்டினானே அந்த டைரக்டர், எதுக்குக் காட்டினான்? காத்து வரவா?"

"பயந்திருப்பா."

"பயந்தவ கூடையைக் கீழே வைப்பாளா? கையிலயே பிடிச்சிருப்பாடி! கீழே வச்சதுலயே தெரியல?"

பேசிக்கொண்டே அறையைச் சுற்றி நடந்தாள். மாவு பிசைந்த கையைப் பற்றிப் பேசினாள். மீசைக்காரனைப் பற்றிப் பேசினாள். திரும்பிப் போனால் மறுநாள் காலை அவன் ரொட்டியைத் தள்ளமாட்டான் என்று என்ன நிச்சயம் என்று கேட்டாள். குழந்தை விழித்து அழுதது. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டும் பேச்சை விடவில்லை. பை அப்படியே கிடந்தது.

அந்த மருந்து வேலை செய்தது என்று கண்டதும் நான் விடவில்லை. அவள் தளர்ந்துபோன ஒவ்வொரு சமயத்திலும் ரொட்டிக்காரியைத் திருப்பி அனுப்பினேன். பழைய மருத்துவமனையிலேயே அவளுக்கு மறுபடி வேலை கிடைத்தது. குழந்தை வளர்ந்தது. என்னைச் சித்தி என்று கூப்பிட்டது. பள்ளியில் உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டபோது, "அம்மா, சித்தி, ரொட்டிக்காரி" என்று சொல்லியிருக்கிறாள். நாங்கள் வாடகைக்கு ஆள் வைத்திருப்பதாக டீச்சர் நினைத்துக்கொண்டார்.

வருடங்கள் போகப் போக எதிர்க்கட்சிக்கு அந்த வாதம் மருந்தாகத் தேவைப்படவில்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை. 'திரும்பிப் போனாள்' என்று நான் சொல்வதும் 'ஏறிவிட்டாள்' என்று அவள் சொல்வதும் வீட்டில் குழாயில் தண்ணீர் சொட்டுவதுபோல ஒரு சத்தமாகிவிட்டது. உண்மையில் நான் என்ன நினைத்தேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு புதுப் படங்களுக்குப் போக ஆரம்பித்தோம். வணிக வளாகத்தின் மேல்மாடியில் பல திரை கொண்ட அரங்கு. எங்களுக்கு எட்டு மணிக் கதவு கிடையாது. கடைசி எழுத்து ஓடி முடிந்து, துடைப்பக்காரப் பெண் வந்து "அம்மா, எந்திரிக்கிறீங்களா?" என்று கேட்கும்வரை உட்கார்ந்திருப்போம். பட்ட கடனைத் தீர்ப்பதுபோல உட்கார்ந்திருப்போம்.

"இது என்னடி, பல் டாக்டர் நாற்காலி மாதிரி சாயுது," என்றாள் முதல் நாள்.

"வசதியாத்தானே இருக்கு?"

"படம் பார்க்க முதுகு கொஞ்சம் வலிக்கணும். அப்பத்தான் முழிச்சிருப்போம்."

படம் முடிந்து கீழே காபி குடிக்கும்போதுதான் எங்களுக்கு உண்மையான காட்சி தொடங்கும்.

"அந்தக் காலத்துல ஒருத்தி கதவைத் திறக்கறதையே நிதானமாக் காட்டுவாங்க. இப்போ அதுக்குள்ள நாலு பேர் செத்துடறாங்க. யாருக்கு அழறதுன்னே தெரியல," என்பாள்.

"போன மாசம் நீதான் பழைய படமெல்லாம் தூக்க மாத்திரைன்னே."

"அப்போ நீ பழசைப் புகழ்ந்துக்கிட்டிருந்தே. இன்னிக்கு நீ சும்மா உட்கார்ந்திருக்கே. யாராவது புகழணும்ல?"

ஒரு தடவை பெரிய படம் ஒன்று. எங்கு பார்த்தாலும் விளம்பரம். கதாநாயகன் மலை உச்சியில் வில்லனின் கழுத்தைப் பிடித்த கணத்தில் திரை இருண்டது. மீதி இரண்டாம் பாகத்தில் என்று எழுத்து வந்தது. அரங்கில் இருந்த இளவட்டங்கள் கைதட்டினார்கள். எதிர்க்கட்சி என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"பார்த்தியா, வார்டனம்மா செத்தும் நம்மை விடல. இப்போ படத்துக்குள்ளயே வந்து உட்கார்ந்துட்டாங்க! முடியறதுக்கு முன்னாடி வீட்டுக்கு அனுப்பறாங்க!"

அந்தச் சிரிப்பின் முடிவில்தான் அவளுக்கு இருமல் வந்தது. நிற்கவில்லை.

அவள் எக்ஸ்ரேவை அவளே பார்த்தாள். அவளுடைய பழைய துறையில் இப்போது வேலை செய்யும் இளைஞன் எடுத்தான். டாக்டர் கூப்பிடும் முன்பே திரையருகே போய் நின்று பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நல்லா எடுத்திருக்கான். மூச்சை நல்லா பிடிக்கச் சொல்லியிருக்கான். அதான் எல்லாம் தெளிவாத் தெரியுது," என்றாள். அவள் என் கைப்பையின் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின வாரம் ஒரு மதியம், மகள் மடிக்கணினியோடு வந்தாள். அவள் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள்; எந்தப் படத்தையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பவள். "அம்மா, சித்தி, உங்க ரொட்டிக்காரி கிடைச்சுட்டா. பழைய பிரிண்டைச் சுத்தம் பண்ணி புதுசா வெளியிட்டிருக்காங்க. உங்க ஊர், அந்தத் திரைப்படக் கழகம்னு எல்லாம் போட்டுத் தேடினேன், வரல. மீசை, பனி, ரொட்டின்னு தேடினேன், வந்துடுச்சு."

எனக்குப் பகீர் என்றது. "இப்போ எதுக்கு அதெல்லாம்? உடம்பு நல்லா ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்."

"இல்ல, இப்பத்தான்," என்றாள் எதிர்க்கட்சி. "நான்தான் தேடச் சொன்னேன்."

"சினிமாதானேடி."

"உனக்கு சினிமா. எனக்கு அப்படியா?" தலையணையில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவ ஏறிட்டான்னு நம்பித்தான் நான் படி இறங்கினேன். நீ இத்தனை வருஷமா அவ திரும்பிப் போனான்னு சொல்லிக்கிட்டிருக்கே. ஒரு தடவைகூட மாத்திச் சொன்னதில்ல. வாயால சொல்லாட்டியும் எனக்குப் புரியாதா? நான் வந்தது தப்புன்னு உனக்கு உள்ளுக்குள்ள இருக்கு. இருக்கட்டும். ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும். நீ சொன்னது சரியா, நான் செஞ்சது சரியா."

அவள் அப்படி நினைத்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஒரே வீட்டில், ஒரே கெட்டிலில் தேநீர் போட்டுக் குடித்துக்கொண்டு, என் கண்ணில் தான் தப்பு செய்தவள் என்ற எண்ணத்தோடு இத்தனை வருடம் இருந்திருக்கிறாள். இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மகள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படத்தை ஓடவிட்டாள். "சாதா வேகத்துலதான் வச்சிருக்கேன். நான் பக்கத்து ரூம்ல மீட்டிங்ல இருப்பேன். அழுதா கூப்பிடுங்க," என்று போனாள்.

ரொட்டிக்காரி அந்தப் படத்தில் ஏறியிருந்தால் எனக்கு நிம்மதி. திரும்பிப் போயிருந்தால்? நான் ஒரு நாளும் நம்பாத ஒன்றை அந்தப் படம் என் பெயரில் அவளிடம் சொல்லிவிடும். அதன் பிறகு நான் என்ன சொன்னாலும் நோயாளியைத் தேற்றச் சொல்வதாகவே நினைப்பாள்.

பனி அதே பனிதான். ஆனால் கீழே ஓடிய எழுத்துகள் மஞ்சளாக இருந்தன. ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. அடுப்பு எரிகிறது. ரொட்டிக்காரி மாவு பிசைகிறாள். மீசைக்காரன் உள்ளே வந்து கத்துகிறான். கீழே எழுத்து வந்தது:

'முதலாளியம்மா, விறகு ஈரமாக இருக்கிறது.'

எதிர்க்கட்சி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"என்னன்னு கூப்பிடறான்?"

"முதலாளியம்மான்னு."

"பின்னாடி ஓட்டு."

ஓட்டினேன். முதலாளியம்மாதான். கடை அவளுடையது. மீசைக்காரன் அவளிடம் கூலிக்கு இருப்பவன். போரில் குண்டுச் சத்தத்தில் காது போனவன். அதனால்தான் எதையும் கத்திச் சொல்கிறான். ரொட்டியைத் தரையில் தள்ளினானே, அந்தக் காட்சி வந்தது. அடியில் கருகிப்போனதை அவள்தான் தள்ளச் சொல்கிறாள். அவன் நல்லதையும் சேர்த்துத் தள்ளிவிட்டுத் திட்டு வாங்குகிறான். 'உனக்குக் காதுதான் கேட்காது என்று நினைத்தேன், கண்ணுமா?' என்கிறாள் அவள். புலம்பிக்கொண்டே பொறுக்குகிறாள் என்று நாங்கள் கலங்கிய இடம் அது.

எதிர்க்கட்சி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு பார்த்தாள். ரயில் நிலையம் வந்தது. ரொட்டிக்காரி கூடையைக் கீழே வைத்தாள். தலைத்துணியைச் சரிசெய்தாள். ரயில் நின்றது, கதவு திறந்தது. நாங்கள் எழுந்துபோன இடம். என்னையறியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

கதவில் தொப்பி போட்ட ரயில் சமையல்காரன் ஒருவன் தலை நீட்டினான். ரொட்டிகளை வாங்கி உள்ளே அடுக்கினான். ரொட்டிக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: 'போன வாரம் கொடுத்த கூடை எங்கே?' நாளைக்கு என்றான். 'போன வாரமும் இதையே சொன்னாய்' என்றாள். ரயில் போய்விட்டது. அவள் கைகளை ஊதிச் சூடாக்கிக்கொண்டு திரையின் ஓரத்தைத் தாண்டி வெளியே நடந்தாள். பிறகு அவள் வரவே இல்லை. அந்தப் படம், நாங்கள் அன்று கண்டுகொள்ளாமலே விட்ட, மணிக்கூண்டில் வேலை செய்யும் ஒரு கிழவனைப் பற்றியது. கடைசிவரை அவன்தான். அவன் முகத்தில் வந்து நின்று முடிந்தது.

திரை இருண்டதும் எதிர்க்கட்சியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று பதறி எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! ரொட்டி விக்க வந்தவளை நம்பி நான் புருஷனை விட்டுட்டு வந்தேனா?"

எனக்கும் பீறிட்டு வந்தது. இருவரும் கட்டிலில் விழுந்து சிரித்தோம். அவள் இருமினாள், சிரித்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி "போன வாரம் கொடுத்த கூடை எங்கே!" என்று சொல்லிச் சிரித்தாள். மகள் காதில் மாட்டிய கருவியோடு எட்டிப் பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனாள்.

அடங்கியதும் எதிர்க்கட்சி கண்களைத் துடைத்துக்கொண்டாள். முகம் மாறியிருந்தது.

"அப்போ எனக்கு ஒண்ணும் தெரியலியே. ரெண்டு பேருமே ஜெயிக்கல. நீ என்ன நினைக்கிறேன்னு அந்தப் படம் சொல்லும்னு இருந்தேன்."

"படம் எதுக்கு? நான் சொல்றேன்," என்றேன். சொன்னேன். துணிகளை மடித்து வைத்த பையைப் பற்றி, அவளுடைய அண்ணி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டது பற்றி, போகாதே என்று சொல்லப் பயந்தது பற்றி. "நீ எதிர்த்துப் பேசணும்னுதான் திரும்பிப் போயிட்டான்னு சொன்னேன். ஒரு நாளும் நான் அதை நம்பினதில்ல. நீ கதவைத் தட்டினப்போ எனக்குப் பேச்சு வரலையே, அது சந்தோஷத்துல."

அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது வரவில்லை.

"அப்போ இத்தனை வருஷமும் நான் யாரோட சண்டை போட்டேன்?"

"என்னோடதான்."

"நீ என் பக்கம் இருந்தியே! எதிர்ல யாருமே இல்லாம நான் பாட்டுக்குக் கத்தியிருக்கேன்." குரலில் கோபம் இருந்தது, உண்மையான கோபம். "திரும்பிப் போகலாமா வேண்டாமான்னு நான் ஒரு நாளாவது தனியா உட்கார்ந்து யோசிச்சேனா? நீ யோசிக்க விட்டியா? நீ ஒண்ணு சொன்னே, நான் மறுத்தேன். சாவி கொடுத்த பொம்மை மாதிரி."

"விட்டிருந்தா போயிருப்பே."

"போயிருப்பேனோ மாட்டேனோ, அது என் பாடு இல்லையா?"

அவள் சொன்னது சரி. நான் செய்ததும் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. கெட்டிலில் தண்ணீர் வைத்துத் தேநீர் போடலாம் என்று எழுந்தேன்.

"உட்காரு. எங்கயும் போகாதே. இப்போ யோசிக்கிறேன். நீ வாயைத் திறக்கக் கூடாது. மூஞ்சியையும் ஒரு மாதிரி வச்சுக்கக் கூடாது. அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். திரைத்துணியின் இடுக்கில் மதிய வெயில் ஒரு கோடாக விழுந்திருந்தது. கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பத் திணறிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறையில் மகள் ஏதோ ஒரு கோளாறு ஏன் தன்னுடையதல்ல என்று யாருக்கோ பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் எதிர்க்கட்சியின் மூச்சு இழுத்து இழுத்துக் கேட்டது. பூட்டிய அந்த வீட்டுக்குள் அவள் போய் உலவிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவ்வளவு நாள் கழித்து, நான் இல்லாமல், தனியாக. இப்போது அவள் என்ன சொன்னாலும் எதுவும் மாறப்போவதில்லை, மகள் வளர்ந்துவிட்டாள், அந்த மனிதர் எப்போதோ வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். ஆனாலும் பயந்தேன். அந்தப் பையைப் பார்த்த மாலைகளில் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன்.

வண்டி ஒருவழியாகக் கிளம்பிப் போனது.

"இல்ல," என்றாள் அவள். மெதுவாக, யாரையும் மறுக்காத குரலில். "போயிருக்க மாட்டேன்."

அவள் பக்கம் திரும்பலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.